ஒரு பூ இந்தப் பக்கம், ஒரு பூ அந்தப் பக்கம்

நான் ரிட்டயர் ஆனவன். வயசு இருபத்தொம்போது. சிரிக்காதீங்கபா. மாலை போட்டாங்க, சால்வை போத்தினாங்க, ஆளுக்கு ஒரு சமோசா குடுத்தாங்க. அப்ப அது ரிட்டயர்மென்ட்தானே? காஞ்சிபுரத்துல ஒரு சின்ன பிரசவ ஆஸ்பத்திரில எட்டு வருஷம் வண்டி ஓட்டினேன். கல்யாணம் ஆனதும் வீட்டம்மா நைட் டூட்டியே ஆகாதுன்னு சொல்லிடிச்சி. ஸ்கூல் வேன் ஓட்ட வந்துட்டேன். முன்ன ஏத்திக்கினு போன குழந்தைங்க அழும். இப்ப ஏத்திக்கினு போறதுங்க என்னை அழ வைக்குது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்ப என் சீட்டுல தினேஷ்னு ஒருத்தன் உக்காந்துக்கினு இருக்கான். போன வாரம் டீ குடிக்க அந்தப் பக்கம் போனேன். வார்டு வாசல்ல ஒரு புது அப்பா கையில போனோட நிக்கறாரு. போன்ல என்னமோ ஆப்பாம். பத்து நிமிஷம் ஓடிச்சின்னா மணி அடிக்குது. அவரு உடனே கதவைத் தட்டி, "லெஃப்ட் ஓவர், ரைட்டுக்கு மாத்து"ன்றாரு. பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பர் கூட இப்படி விரட்ட மாட்டாரு.

தினேஷ் என்னைக் கேட்டான். "அண்ணே, கஸ்தூரி சிஸ்டர் இருந்தப்ப வாட்சைக் கழட்டி உங்க கைல குடுத்துட்டுத்தான் உள்ள போவாங்களாமே, நெசமா? புது நர்ஸுப் பொண்ணுங்க கேக்குதுங்க. எழுதிக் குடுங்கண்ணே."

பத்தாவதுல கணக்கு என்னை ரெண்டு தடவை கைவிட்டுடிச்சி. மூணாவது தடவை நான் அதைக் கைவிட்டுட்டேன். எங்கிட்டப் போயி எழுதக் கேக்கறாங்க. சரி, எழுதறேன். தப்பு இருந்தா செவப்பு மையில சுழிக்காதீங்க.

நான் ஓரிக்கை ஆளு. பேரு சாமுவேலு, எல்லாருக்கும் சாமு. முதல்ல ஆஸ்பத்திரில டீ வாங்கற வேலைதான். அப்பால சிலிண்டர் உருட்டினேன், அப்பால லைசென்ஸ் எடுத்தேன். டிரெயினிங்னா அவ்வளவுதான். பிரசவம் ஆன அம்மாங்களை வீட்ல கொண்டுபோய் விடணும், கஸ்தூரி சிஸ்டர் வீடு வீடா குழந்தையைப் பாக்கப் போனா கூட்டிக்கினு போகணும். குழந்தை எடை பாக்கற தொங்கு தராசைத் தூக்கிக்கினு பின்னால நடக்கறதும் நான்தான். காய்கறிக்காரன் வந்துட்டான்னு தெருவுல ரெண்டு தடவை கூப்ட்டு இருக்காங்க.

கஸ்தூரி சிஸ்டரைப் பத்திச் சொல்லணும். குள்ளமா இருப்பாங்க, முழங்கால் வலி, ஆனா போற வீட்ல எல்லாம் தரையிலதான் உக்காருவாங்க. டீ குடுத்தா கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சி முடிச்சிட்டுத்தான் வாயைத் திறப்பாங்க. திட்ட மாட்டாங்க. அதான் பயம். திட்டினா நாம திருப்பிக் கிண்டல் பண்ணலாம். திட்டாதவங்களை என்ன பண்றது?

வண்டி ஓட்ட ஆரம்பிச்ச புதுசுல ஒரு நாள் மாகறலுக்கு ஒரு அம்மாவை விடணும். எல்லாம் ஏத்தியாச்சி, குழந்தை அழ ஆரம்பிச்சிடிச்சி. சிஸ்டர் அம்மாவையும் குழந்தையையும் திருப்பி வார்டுக்குக் கூட்டிக்கினு போயிட்டாங்க. நான் வெயில்ல வண்டில உக்காந்துக்கினு இருக்கேன். எனக்கோ பசி. ஹாரன் அடிச்சேன். யாரும் வரல. ஒரு பாட்டு மாதிரி ராகமா அடிச்சேன். சிஸ்டர் வந்தாங்க. ஜன்னல் வழியா கைய விட்டு, சாவியை உருவி, பாக்கெட்ல போட்டுக்கினு உள்ள போயிட்டாங்க.

ரொம்ப நேரம் கழிச்சி வந்து சாவியைக் குடுத்தாங்க. "ஏன் சிஸ்டர்?"னேன்.

"நீ சாப்பிடும்போது யாராவது தட்டைப் பிடுங்கி இருக்காங்களா சாமு?"

"எங்க அண்ணன் பிடுங்குவான்."

"அப்ப உனக்குத் தெரியும்"னு சொல்லிட்டு முன் சீட்டுல ஏறி உக்காந்துட்டாங்க. அன்னிலேர்ந்து ஆஸ்பத்திரி வாசல்ல நான் ஹாரனைத் தொட்டதே இல்ல.

வாட்சு விஷயமும் நெசம்தான். பால் குடுக்கற ரூமுக்குள்ள போறதுக்கு முன்னாடி வாட்சைக் கழட்டி எங்கிட்டக் குடுப்பாங்க. நான் ஆம்பளை, வெளியதான் நிப்பேன். ரெண்டு கைலயும் வாட்சு கட்டிக்கினு மாப்பிள்ளை மாதிரி நிப்பேன். முதல்ல தண்ணி பட்டுடும்னு கழட்டறாங்கன்னு நெனைச்சேன். அப்பாலதான் சொன்னாங்க. "கைல இருந்தா கண்ணு அங்க போவும் சாமு. நான் மணியைப் பாத்தா அந்தப் பொண்ணும் மணியைப் பாக்கும். பாக்க வேண்டியது குழந்தை தொண்டையை."

எல்லா அம்மாங்களும் கேக்கற ஒரே கேள்வி, "எவ்வளவு நேரம் குடுக்கணும் சிஸ்டர்?" சிஸ்டர் பதில் எனக்கு மனப்பாடம், ஏன்னா கதவுக்கு இந்தாண்ட நின்னு வருஷக்கணக்கா கேட்டு இருக்கேன். "ஒரு குழந்தை பத்து நிமிஷத்துல முடிக்கும். ஒண்ணு முக்கா மணி ஆக்கும். அதே குழந்தை காலைல ஒரு மாதிரி, சாயந்தரம் ஒரு மாதிரி. ஒரு பக்கம் போட்டா அவனா விடற வரைக்கும் விடு. விட்டுட்டா தோள்ல போட்டு முதுகைத் தட்டிட்டு அடுத்த பக்கம் காட்டு. வேணும்னா குடிப்பான். வேணாம்னா அடுத்த தடவை அந்தப் பக்கத்துலேர்ந்து ஆரம்பி." இவ்வளவுதான். இதுக்கு ஆப்பு எதுக்குபா?

சரி, இப்ப ஏகாம்பரம் வீட்டு விஷயத்துக்கு வர்றேன். அதுக்குத்தான் இவ்வளவும்.

பிள்ளையார்பாளையத்துல ஒரு நெசவு வீடு. ஏகாம்பரம் பட்டுத் தறி நெய்யறவரு. அவரு வீட்டம்மா செல்வி. அந்தப் பொண்ணுக்கு அம்மா இல்ல, அதனால பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போகல. ஏகாம்பரத்தோட அக்கா காமாட்சியக்காதான் கூட இருந்து எல்லாம் பாத்துக்கினாங்க. ஆம்பளைப் பையன். முதல் மாசம் ஜோரா எடை ஏறினான். தராசுல தொங்கவிட்டா முள்ளு இறங்கற வேகத்தைப் பாத்து, "சிஸ்டர், அடுத்த மாசம் அரிசி மண்டித் தராசுதான் தூக்கிக்கினு வரணும்"னு நானே சொன்னேன்.

ரெண்டாவது மாசம் முடிஞ்சி தடுப்பூசிக்கு வந்தப்ப, முதல் மாச எடையிலயே நிக்கறான். ஒரு வாரம் கழிச்சி வரச் சொன்னாங்க. அதே எடை. எப்பப் பாத்தாலும் பாலுக்கு அழுவறான், குடுத்தா கொஞ்சம் குடிக்கறான், உடனே மறுபடி அழுவறான். வெளியப் போறது பச்சையா நுரை நுரையா போவுது. டாக்டரம்மா டெஸ்ட் எல்லாம் எடுத்தாங்க. நோவு ஒண்ணும் இல்ல. "அடுத்த வாரமும் ஏறலன்னா அட்மிட் பண்ணி டப்பா பால் ஆரம்பிச்சிடலாம்"னாங்க.

வண்டில திரும்பிப் போகும்போது செல்வி பின் சீட்டுல அழுதுக்கினே வந்திச்சி. "எனக்குப் பால் இல்லண்ணா. எல்லாரும் அதான் சொல்றாங்க."

எனக்கு எல்லாத்துக்கும் ஒரு ஜோக்கு ரெடியா இருக்கும். அன்னிக்கு கண்ணாடியில பின் சீட்டைப் பாக்காம ரோட்டைப் பாத்து ஓட்டினேன்.

மறுநாள் சிஸ்டர், "சாமு, வண்டியை எடு. வீட்ல எப்படிக் குடுக்குதுன்னு பாக்கணும்"னாங்க.

போனோம். கூடத்துலயே தறி. ஏகாம்பரம் தறிக்குழியில காலை விட்டுக்கினு உக்காந்து இருக்காரு. கோர்வைப் புடவை, உடம்பு ஒரு கலர், கரை வேற கலர். அதுக்குப் பக்கத்துல ஒரு ஆளு உக்காந்து கரைக்கு நூல் சுத்தின நாடாவைத் தள்ளணும், தனியா நெய்ய முடியாது. அந்த ஆளு செல்விதான். முகூர்த்தப் புடவை ஆர்டர் வந்ததால, முதல் மாசம் முடிஞ்சதுமே தறிக்கு வந்து உக்காந்துடிச்சி. அலமாரியில டப்பா பால் ஒண்ணு இருக்குது, இன்னும் பிரிக்கல. காமாட்சியக்கா வாங்கி வெச்சது.

சிஸ்டர் தரையில உக்காந்து டீயைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சாங்க. குழந்தை அழுதான். "செல்வி, தினம் எப்படிக் குடுப்பியோ அப்படியே குடு. நான் சும்மா உக்காந்துக்கினு இருக்கேன்"னாங்க. வாட்சு எங்கிட்ட வந்திச்சி. ரெண்டு பேரும் உள் ரூமுக்குப் போயி கதவை சாத்திக்கினாங்க. அடுப்பாண்ட இருந்த காமாட்சியக்கா கையைத் துடைச்சிக்கினு ஓடிவந்து, செல்வி இடத்துல உக்காந்து நாடாவை எடுத்தாங்க. தறி மறுபடி ஓடிச்சி.

எனக்கு ஒரு வடை குடுத்து இருந்தாங்க. நல்ல வடை. பாதி தின்னு இருப்பேன், ஏகாம்பரம் உள் ரூமைப் பாத்து குரல் விட்டாரு.

"பூவு ஆச்சி!"

உள்ள குழந்தை வீல்னு கத்தினான். அப்பால அடங்கினான். நான் மீதி வடையைத் தின்னுட்டு கைய எங்கத் துடைக்கறதுன்னு பாத்துக்கினு இருந்தேன்.

"பூவு ஆச்சி!"

மறுபடி வீல். கதவு திறந்திச்சி. செல்வி கொண்டையை முடிஞ்சிக்கினே நேரா தறியாண்ட வந்திச்சி. காமாட்சியக்கா எழுந்து அடுப்புக்குக் கிளம்பினாங்க. பின்னாலயே சிஸ்டர், தோள்ல குழந்தையோட. அவன் சிஸ்டர் காலரை வாயால தேடிக்கினு இருக்கான்.

"ஏம்மா, நல்லா முழுங்கிக்கினு இருந்தான். எதுக்கு எடுத்துட்ட?"

"பூவு ஆச்சின்னாரே, சிஸ்டர்."

"எந்தப் பூவு?"

காமாட்சியக்கா நின்னு பெருமையா சொன்னாங்க. "தறியில ஒரு பூவு முடியற வரைக்கும் ஒரு பக்கம். அடுத்த பூவுக்கு அடுத்த பக்கம். எங்க வீட்ல பால் குடுக்க அதான் கணக்கு சிஸ்டர். நானும் தறியாண்ட இருந்துதான் குடுத்தேன். எனக்கும் ரெண்டு பசங்க. பெரியவன் போலீசு வேலைக்கு ஓடிப் பழகறான். மாரைப் பாக்கணும், இம்மாம் அகலம்!"

தறிக்கு மேல டிசைன் போடற ஜக்காடு பெட்டி இருக்கும். அதுலேர்ந்து ஓட்டை போட்ட அட்டைங்க மாலை மாதிரி தொங்கும். அந்த மாலை ஒரு சுத்து வந்தா கரையில ஒரு பூவு முடிஞ்சிது. மறுபடி முதல்லேர்ந்து. எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தான். எனக்கு வாய் சும்மா இருக்காதே. தறியாண்ட போயி குனிஞ்சி கரையைப் பாத்தேன்.

"இதான் பூவா? ஏன்க்கா, இந்தப் பூவுக் கணக்குல குடிச்சிட்டா உங்க பையன் போலீசுக்குப் போறான்? இதை ஒரு எறும்பு கூட தலைல வெச்சிக்காதேக்கா!"

ஏகாம்பரத்துக்கு ரோசம் வந்துடிச்சி. "டிரைவர் தம்பி, அது ருத்ராட்சக் கரை. சின்னதாத்தான் இருக்கும். பொண்ணு வீட்ல கேட்டது அதான்."

"நான் வடை தின்னு முடிக்கறதுக்குள்ள ரெண்டு பூத்துடிச்சேண்ணா. அதான் கேட்டேன்."

காமாட்சியக்கா என்னைத் திட்டறதுக்கு வாயைத் திறந்தாங்க. திறந்த வாய் அப்படியே நின்னுடிச்சி. தலையைத் தூக்கி ஜக்காடு பெட்டியைப் பாத்தாங்க.

"அப்ப மயிலுடா ஏகா," அப்படின்னாங்க, மெதுவா. "நான் பெரியவனுக்குக் குடுத்தப்ப மயிலு கரை. அப்பால யாளி. அட்டை மாலை தரையில வந்து இடிக்கும். ஒரு பூவு முடியறதுக்குள்ள நம்ம அம்மா சோறு வடிச்சி ரசமே வெச்சிடும்."

ஏகாம்பரம் கையில நாடாவோட அண்ணாந்து பாத்தாரு. தலைக்கு மேல தொங்கற அட்டை மாலை சின்னப்பொண்ணு சடை நீளம்தான் இருந்திச்சி.

"புள்ளைய நானே பட்டினி போட்டுட்டேனா?"ன்னாங்க காமாட்சியக்கா.

சிஸ்டர் குழந்தையைத் தட்டிக்கினே சொன்னாங்க. "உங்க கணக்கு வீண் போகலம்மா. பூவு மாறிடிச்சி, அவ்வளவுதான். குழந்தை குடிக்க ஆரம்பிச்சதும் வர்றது தண்ணியாட்டம் பாலு, தாகம் தீரும். போகப் போகத்தான் கொழுப்பு ஏறிக்கினே வரும். இவன் அங்கப் போய்ச் சேர்றதுக்குள்ள நாம இடம் மாத்திடறோம். ரெண்டு பக்கமும் தண்ணிப் பாலு மட்டும் குடிச்சிட்டு எழுந்தா அதான் வயிறு நுரைக்குது, பசி அடங்கல, எடை ஏறல. செல்விக்குப் பால் இல்லாம இல்ல. அவனுக்கு நேரம் இல்ல."

செல்வி அப்பதான் தலையைத் தூக்கிச்சி. அது மூஞ்சியை நான் பாக்கல, வாசலைப் பாத்துக்கினேன். எனக்கும் கண்ல என்னமோ பட்டு நூல் விழுந்துடிச்சி.

"தறியை நிறுத்துங்க"ன்னாங்க சிஸ்டர். "இந்த ஒரு தடவை மட்டும். அவன் முழுங்கற சத்தம் எனக்கும் செல்விக்கும் கேக்கணும்."

கதவைச் சாத்தினாங்க. தறி நின்ன வீட்டை நான் அந்தத் தெருவுல அன்னிக்குத்தான் பாத்தேன். கூடத்துல நாங்க மூணு பேரு. ஏகாம்பரம் கைய எங்க வைக்கறதுன்னு தெரியாம மடியில வெச்சாரு, எடுத்தாரு, கழுத்தைச் சொறிஞ்சாரு. பழக்க தோசத்துல ரெண்டு தடவை வாயைத் திறந்தாரு. காமாட்சியக்கா ரெண்டு தடவையும் அவரு வாயைப் பொத்தினாங்க. எனக்கோ ரெண்டு கைலயும் வாட்சு. பாக்கக்கூடாது. கையைப் பின்னால கட்டிக்கினேன்.

கதவுக்கு அந்தாண்ட சிஸ்டர் மெதுவா பேசறது மட்டும் கேக்குது. "முதல்ல வேகமா இழுக்கறான் பாரு. இப்ப நிதானமா. முழுங்கறான், கேக்குதா? நிறுத்திட்டான்னு எடுத்துடாத, மூச்சு வாங்கறான். பாரு, மறுபடி."

அடுப்புல என்னமோ தீய்ஞ்சிது. யாரும் எழுந்துக்கல.

"கையைப் பாரு செல்வி. வந்தப்ப முட்டி மடக்கிக்கினு இருந்தான். இப்ப விரல் விரிஞ்சிடிச்சி."

அப்பால ஒண்ணுமே கேக்கல. கதவு திறந்து சிஸ்டர் வெளிய வந்து உதட்டுல விரல் வெச்சாங்க. செல்வி பின்னால. தோள்ல அவன் குடிச்ச ஆளு மாதிரி வாயோரம் பாலு ஒழுக, கை காலு தொங்கிக்கினு கிடக்கறான். ஒரே ஒரு பக்கம்தான் குடிச்சானாம். அவனா விட்டானாம்.

"ஆளு ஃபிளாட்டு"ன்னேன். செல்வி சிரிச்சிச்சி. அந்தப் பொண்ணு சிரிச்சி நான் பாத்தது அதான் முதல் தடவை.

முகூர்த்தப் புடவை என்ன ஆவும்னு ஏகாம்பரம் கேட்டாரு. அவரு கவலையும் நியாயம்தான். சிஸ்டர் பதில் சொல்றதுக்குள்ள காமாட்சியக்கா சொன்னாங்க. "நான் உக்கார்றேன்டா. அவன் விடற வரைக்கும் உக்கார்றேன். சோறு லேட்டானா யாரும் செத்துட மாட்டோம். நீ மட்டும் வாயை மூடிக்கினு நெய்யி."

ரெண்டு நாள் கழிச்சி எனக்கு போனு, ஏகாம்பரம். "தம்பி, ரொம்ப நேரமா விடவே மாட்டேங்கறான். எடுக்கலாமா, வேணாமா? சிஸ்டரைக் கேளு."

சிஸ்டர் பக்கத்துலதான் இருந்தாங்க. "முழுங்கறானா, சும்மா வாயில வெச்சிக்கினு தூங்கறானான்னு கேளு."

கேட்டேன். அவரு செல்வியைக் கேட்டாரு. செல்வி அக்காவைக் கேட்டிச்சி. சுத்தி வந்த பதிலு, "தூங்கிக்கினே சப்பறான்."

"அது சாப்பாடு இல்ல, பொழுதுபோக்கு"ன்னாங்க சிஸ்டர். "லேசா பாதத்தைத் தேய்க்கச் சொல்லு. முழிச்சி முழுங்கினா குடுக்கட்டும். இல்லன்னா வாயோரத்துல சுண்டு விரலை விட்டு மெதுவா எடுத்துடலாம். சட்டுனு இழுத்தா புண்ணாயிடும்."

நான் அதை அப்படியே போன்ல சொன்னேன். பக்கத்துல நின்ன வாட்ச்மேன் என்னைப் பாத்த பார்வை இருக்குதே! அன்னிலேர்ந்து ஆஸ்பத்திரில என் பேரு டாக்டர் சாமு.

அடுத்த வாரம் தராசைத் தூக்கிக்கினு போனேன். தறிச் சட்டத்துலயே ஒரு ஆணியில மாட்டினோம். துணித் தூளியில அவனைப் படுக்க வெச்சி விட்டாங்க. அவன் காலை உதைக்கறான், முள்ளு ஆடுது. ஏகாம்பரம் குழியிலேர்ந்து எழுந்து வந்துட்டாரு. யாரும் மூச்சு விடல. முள்ளு நிக்கணும்ல? நின்னிச்சி. பழைய கோட்டைத் தாண்டி நல்லாவே கீழ நின்னிச்சி. சிஸ்டர் குனிஞ்சி பாத்தாங்க, நிமிர்ந்தாங்க, "டப்பாவைக் கடையில திருப்பிக் குடுத்துடுங்க"ன்னாங்க.

காமாட்சியக்கா சேலை முந்தானையில மூஞ்சியை மூடிக்கினாங்க. ஏகாம்பரம் என் தோள்ல ஒரு அடி அடிச்சாரு. வலிச்சிது. டப்பாவை மெடிக்கல்ல குடுத்து அதுக்கு பதிலா சோப்பும் ரஸ்கும் வாங்கினாராம். எனக்கு ரெண்டு ரஸ்கு வந்திச்சி. நான் வாங்கின ஒரே லஞ்சம் அதான்.

முகூர்த்தப் புடவை தாலி கட்டற அன்னிக்குக் காலைலதான் போய்ச் சேர்ந்திச்சாம். கட்டினது கல்யாணப் பொண்ணு, வேர்த்தது ஏகாம்பரம்.

கஸ்தூரி சிஸ்டர் எனக்கு முன்னாடியே ரிட்டயர் ஆயி தாமல் ஊர்ல பொண்ணு வீட்டோட இருக்காங்க. போன்ல பேசினா, "ஹாரன் அடிக்கறியா?"ன்னுதான் முதல்ல கேப்பாங்க. தினேஷு, நர்ஸுப் பொண்ணுங்களே, இதான் நெசம். போனு வெச்சி இருக்கற அப்பா வந்தா சண்டை போடாதீங்க. ஒரு வடை வாங்கிக் குடுத்து, போனை வாங்கி வெச்சிக்கினு, உள்ள குழந்தை முழுங்கற சத்தத்தைக் கேக்கச் சொல்லுங்க.

அந்தப் பையன் பேரு கச்சபேசன். இப்ப எல்.கே.ஜி. என் வேன்லதான் வர்றான். அவன் தெருவுலதான் தினம் எனக்கு லேட்டு ஆவுது. எட்டரைக்கு நான் அவன் வீட்டு வாசல்ல நின்னா அவன் நிக்க மாட்டான், உள்ள இட்லி தின்னுக்கினு இருப்பான். ஒரு இட்லியை ஊருக்கே பந்தி வைக்கற மாதிரி தின்னுவான்.

நேத்து வேன் நிறைய குழந்தைங்க. "அண்ணா, லேட்டு! அண்ணா, பிரேயர்!"னு ஒரே கூச்சல். எனக்கும் பொறுக்கல. ஹாரன் மேல கைய வெச்சி ஒண்ணு விட்டேன்.

உள்ளேர்ந்து செல்வி குரல், தறிச் சத்தத்துக்கு மேல. "அண்ணா! அவன் இன்னும் விடலண்ணா!"

வேன்ல இருந்த மொத்தமும் சிரிக்குதுங்க, எதுக்குன்னு ஒண்ணுக்கும் தெரியாது. நான் இன்ஜினை ஆஃப் பண்ணேன். சாவியை உருவி பாக்கெட்ல போட்டுக்கினேன்.